நாலாவது ஆணி

டிசம்பர் 8, திங்கள்

முதலில் பிள்ளைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

ரூபன், என் மகன் செல்வினின் பையன், பெங்களூரில் மேனேஜர். அவனுக்குக் கீழே நாற்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். போன வருடம் நாற்பதுதான். ஹெப்சி, என் மகள் ஜாய்ஸின் மூத்தவள், மதுரையில் குழந்தைகள் டாக்டர். மேற்படிப்பில் தங்கப் பதக்கம். நான் கடித்துப் பார்த்தேன், தங்கம் இல்லை. ஆனாலும் பேர் பொறித்திருக்கிறது, அது பொய் இல்லை. அவள் தம்பி ஜோயல் பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்று. மிச்சம் ஒன்பதை எங்கே விட்டாய் என்று கேட்டதற்கு ஒரு வாரம் போனுக்கு வரவில்லை. ரோஷம் இருக்கிறது, உருப்படுவான்.

மூன்று பேர் படமும் ஹாலில், விறகு மூட்டிக் குளிர் காய்வதற்கென்று சுவரில் கட்டிய கணப்புக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. குன்னூரில் எங்கள் சபையில் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரே சுவரில் மேனேஜர், டாக்டர், மாநில அளவு மார்க் என்று வரிசையாக இருக்கிற வீடு இன்னொன்று காட்டட்டும்.

ஆணி நாலு இருக்கிறது. அது என் வீட்டுக்காரர் அடித்தது. அவருக்கு எதையும் ஒன்று கூட அடித்துத்தான் பழக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பு. நிறுத்தியது என் மூளை இல்லை, என் அப்பா.

டிசம்பர் 10, புதன்

ரூபன் போன் செய்தான். இந்தக் கிறிஸ்மஸ் இங்கேதானாம். அவன் பெண்டாட்டி ஷரோன் அவனுக்கு ஒரு வாரம் முன்னாடியே வருகிறாளாம், வீட்டை ‘கோஸி’யாக ஆக்க. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். கதகதப்பாக, இதமாக என்றான். நாற்பத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் நாங்கள் என்ன விறைத்தா செத்தோம்?

தபால்காரர் பதினொன்றரைக்கு வந்தார். டெலிபோன் பில் ஒன்று. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

வந்துவிட்டாள். டாக்ஸியிலிருந்து ஒன்பது அட்டைப்பெட்டி இறங்கியது. கதகதப்புக்கு ஐந்து பெட்டி, இதத்துக்கு நாலு பெட்டி போலிருக்கிறது.

ஒரு பெட்டியில் மெழுகுவத்தி. பட்டை, கிராம்பு வாசம். கொளுத்தி வைத்துவிட்டு, எப்படி பாட்டி என்றாள். பிரியாணிக் கடை வாசலில் நிற்பது போல இருக்கிறது, பசி வருகிறது, சோறுதான் வரவில்லை என்றேன். சிரித்தாள். கோபப்பட வேண்டிய இடத்தில் சிரிக்கிற பெண்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

இன்னொரு பெட்டியில் கம்பளி போல ஒரு துணி. போர்த்திக்கொள்ளவா என்றால் இல்லையாம். நாற்காலி முதுகில் பாதி சரிந்த மாதிரிப் போட வேண்டுமாம். நான் மடித்து வைத்தேன். அவள் சரித்துப் போட்டாள். மறுபடி மடித்தேன். சாயங்காலம் வரை இதுவே வேலை. என் மகன் செல்வின் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தேயிலை ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவன், இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு தீர்ப்புச் சொல்லத் தெரியாது.

டிசம்பர் 13, சனி

இதைக் கேளுங்கள். பச்சை இலையும் சிவப்புக் காயும் வைத்துப் பின்னிய வட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, காலியாக இருக்கிறதே என்று நாலாவது ஆணியில் மாட்டிவிட்டாள். நான் காய்கறி நறுக்கிவிட்டு வந்து பார்க்கிறேன். மூன்று பிள்ளைகள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையம்.

“ஏம்மா, யாரு செத்துப்போனா?” என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. பெங்களூரில் வளையத்தைக் கல்யாண வீட்டில் வைப்பார்களோ என்னவோ. எங்கள் பக்கம் பெட்டி மேல்தான் வைப்பது வழக்கம் என்றேன். உடனே கழற்றிவிட்டாள். கழற்றும்போது ஆணிக்குக் கீழே சுவரில் வெளுப்பாக இருந்த சதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பு பழுப்பேறிக் கிடக்கிறது, அந்த இடம் மட்டும் புதுசாக இருக்கிறது. பார்த்தால் பார்க்கட்டும்.

வளையத்தை வாசல் கதவில் மாட்டியிருக்கிறாள். பால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “அம்மா நல்லாயிருக்காங்களா?” என்று செல்வினிடம் விசாரித்தாராம்.

டிசம்பர் 15, திங்கள்

இன்று காலை ஷரோன் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே குனிந்து பார்த்து, கிறிஸ்மஸ் அன்று இதில் தீ மூட்ட வேண்டும் என்றாள். நிஜ விறகு, நிஜ நெருப்பு. செல்வினுக்கும் கண் விரிந்தது.

நான் கூடாது என்றேன். ஏன் என்றார்கள். புகை வரும் என்றேன். ஈர விறகு என்றேன். கல் வெடித்திருக்கிறது என்றேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். கடைசியில் குருவிக் கூடு இருக்கிறது என்றேன். அதற்குத்தான் அடங்கினார்கள். ஷரோன் “ஐயோ பாவம்” என்றாள்.

குருவி இல்லை. இந்த டைரியை எடுத்துப் படிக்க இந்த வீட்டில் யாருக்கும் பொறுமை கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

நாலாவது ஆணியில் இருந்தவள் பெர்சிஸ். ரூபனின் தங்கை. மூன்று வயதில் தாயை இழந்து, ஆச்சி ஆச்சி என்று என் இடுப்பில் வளர்ந்தவள். ஐந்து வருடம் முன்னால் மேட்டுப்பாளையம் பதிவு ஆபீஸில், டைல்ஸ் ஒட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி, வேறு சாமி. பி.எஸ்சி.யில் முதல் வகுப்பு வாங்கியவள் தரையில் முட்டி போட்டு வேலை செய்கிறவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டப் போனாள். செல்வின் படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்து, அடுப்பில் போட்டுவிடுங்கள் அம்மா என்றான். சரி என்றேன். அன்று அடுப்பில் குழம்பு இருந்தது. அதனால் போடவில்லை. வேறு காரணம் இல்லை.

போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு வருடா வருடம் கிறிஸ்மஸுக்கு முன்னால் திருப்பூரிலிருந்து ஒரு உறை வரும். தபால்காரர் என் கையில்தான் கொடுப்பார். நாலு வருடம், நாலு உறை. ஒன்றையும் பிரிக்கவில்லை. சொல்லாமல் போனவளின் வாழ்த்து எனக்கு எதற்கு? கிழித்துப் போடவும் நேரம் கிடைக்கவில்லை. படத்தையும் உறைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டி, கணப்புக்கு உள்ளே புகை ஏறுகிற வழியில் இருக்கிற திட்டின் மேல் வைத்திருக்கிறேன். ஸ்டூலில் ஏறிக் கையை உயர்த்தினால் எட்டும். அவர் போன பிறகு இந்தக் கணப்பை யாரும் மூட்டியதில்லை. இந்த வீட்டில் செல்வின் கை போகாத இடம் அது ஒன்றுதான்.

போன மழையில் வழுக்கி விழுந்ததிலிருந்து என் வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

இடது கையும் எட்டவில்லை. தபால் இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

ஷரோனும் செல்வினும் சந்தைக்குப் போனார்கள். நல்ல சமயம் என்று குடையை எடுத்து, வளைந்த பிடியை மேலே விட்டுத் துழாவினேன். பை மாட்டியது. இழுத்தேன். வந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் பிடி நழுவி, பை இன்னும் உள்ளே தள்ளிப் போய்விட்டது. பத்து வருடக் கரி மொத்தமும் என் முகத்தில்.

அந்த நேரம் பார்த்து ஷரோன் பர்ஸை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தாள். ஒரு கையில் குடை, தலை முதல் தோள் வரை கரி.

“குருவி இருக்கான்னு பாத்தேன்.”

“நான் ஏறிப் பாக்கட்டுமா பாட்டி? பையோ கூடோ, அதை அப்படியே பத்திரமா எடுத்துத் தரேன்.”

கூட்டைக் கலைப்பது பாவம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. வெந்நீர் கொண்டுவந்து துண்டை நனைத்து, முகம், காது, கழுத்து எல்லாம் துடைத்துவிட்டாள். பாதியில், பெர்சிஸ் அட்டை ஏதும் அனுப்புவாளா பாட்டி என்று மெதுவாகக் கேட்டாள். பேச்சை மாற்றினேன். தண்ணீர் சூடு சரியாக இருந்தது. அவ்வளவு தெரிந்த பெண் எதற்கு மெழுகுவத்தி கொளுத்துகிறாளோ.

எடுத்துத் தா என்று கேட்டிருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எரித்துவிட்டேன் என்று ஐந்து வருடம் சொன்னதை, அதோ இருக்கிறது இறக்கிக் கொடு என்று நேற்று வந்த பெண்ணிடம் எப்படிக் கேட்பது? தீ மூட்டாமலிருந்தால் போதும். அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போதுதான் தோன்றுகிறது. ‘பையோ கூடோ’ என்றாளே. பையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 20, சனி

ரூபன் வந்தான். இளைத்திருக்கிறான். நாற்பத்திரண்டு பேரை மேய்ப்பது லேசா?

அச்சு முறுக்கு போட்டோம். என்னால் அச்சைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை, ஷரோன் பிடித்தாள். முதல் எட்டும் அச்சிலிருந்து கழலவில்லை. எண்ணெய் காய்வதற்குள் மாவில் தோய்த்தால் எப்படிக் கழலும்? முன்னெல்லாம் அச்சு பிடிக்க இந்த வீட்டில் ஆள் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் பூவாக விழும். அதைப் பற்றி இங்கே பேச்சு இல்லை.

ஷரோன் கணப்பு மேடையில் சிவப்புக் காலுறைகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். துவைத்ததைக் கொடியில் போடாமல் ஹாலில் காயப்போடுகிற நாகரிகம் இப்போதுதான் பார்க்கிறேன். ஆளுக்கு ஒன்றாம். எண்ணினேன். நான், செல்வின், ரூபன், ஷரோன், புது வருடத்துக்கு வரப்போகிற ஜாய்ஸ், ஹெப்சி, ஜோயல். ஏழு பேர். தொங்குவது எட்டு.

“ஒண்ணு கூட இருக்கே?”

“கணக்கு தப்பிடுச்சு பாட்டி,” என்று சொல்லிவிட்டு மாவு கலக்கப் போய்விட்டாள். எம்.பி.ஏ. படித்தவள், ஏழு வரை எண்ணத் தெரியவில்லை.

கழற்றச் சொல்லவில்லை. அடுப்பில் எண்ணெய் இருந்தது, அந்த அவசரம்.

டிசம்பர் 22, திங்கள்

பாஸ்டரம்மாவும் சபைப் பெண்கள் இருவரும் தேநீருக்கு வந்தார்கள். முதலில் சுவரைக் காட்டி மேனேஜர், டாக்டர், மார்க் எல்லாம் சொல்லி முடித்தேன். பாஸ்டரம்மா ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்பது போலவே கேட்பார்கள், அது அவர்களுடைய நல்ல குணம்.

அப்புறம் ஷரோன் டிவியைப் போட்டாள். அதில் என்ன தெரியுமா? நெருப்பு. ஒரு கணப்பு, அதில் விறகு எரிகிறது, படபடவென்று சத்தம் வேறு. கணப்பைத்தான் மூட்டக் கூடாது என்றீர்களே பாட்டி, அதனால் இது என்றாள். வந்தவர்களும் ஆகா என்று டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பாஸ்டரம்மா கையை நீட்டிக் காய்ந்தார்கள், சத்தியமாக.

என்னால் பொறுக்க முடியவில்லை. சோறு இல்லாத நாளிலும் எங்கள் மாமியார் வீட்டில் நெருப்பு இருந்தது என்றேன். படத்தில் சோறு காட்டினால் வயிறு நிறையுமா என்றேன். பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கிறார்களே என்று இன்னும் ஒன்று சொன்னேன்:

“எங்க வீட்டுக்காரர் மழையில நனைஞ்ச வெறகையே ஒத்தக் குச்சில பத்த வச்சிருவாரு. அவரு கட்டின கணப்ப மூட்ட இப்ப இந்த வீட்ல ஒரு ஆம்பள இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். அது அப்படியொரு பேச்சு. செல்வின் மட்டும் சிரிக்கவில்லை. தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

தபால்காரர் வந்தார். பாஸ்டரம்மாவோடு பேசிக்கொண்டே கேட் வரை போனேன். ஜாய்ஸ் வீட்டிலிருந்து ஒரு காலண்டர்.

டிசம்பர் 24, புதன்

பலகாரம் முடிந்தது. தபால் இல்லை. நாளை தபாலே கிடையாது. ஐந்தாவது வருடம் அனுப்பவில்லை. நல்லது, எனக்கும் வைக்க இடமில்லை.

டிசம்பர் 25, வியாழன்

ஆராதனை முடிந்ததும் கறி வாங்க வேண்டும் என்று செல்வினும் ரூபனும் காரில் முன்னால் போய்விட்டார்கள். நானும் ஷரோனும் மெல்ல நடந்து வந்தோம். வெயில் இருந்தது, ஆனாலும் பனிக்குளிர். வளைவு திரும்பியதும் நம் தெருவில் ஒரு வீட்டுப் புகைக்கூண்டிலிருந்து புகை போவதைப் பார்த்தேன். யாரோ கொடுத்துவைத்தவர்கள், நிஜமாகவே மூட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். இன்னும் நாலு வீடு தாண்டிய பிறகுதான் அது நம் வீடு என்று தெரிந்தது.

ஷரோன் என் கையைப் பிடித்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்தேன் என்று அவள் சொல்கிறாள்.

கதவைத் திறந்தால் ஹால் முழுக்கச் சூடு. கணப்பில் நெருப்பு ஆள் உயரம். செல்வின் சட்டைக் கையை மடித்துவிட்டு, முகமெல்லாம் வேர்வையும் கரியுமாக, பரீட்சையில் பாஸான பையன் போல நிற்கிறான்.

“வாங்கம்மா, வந்து உக்காருங்க. ஒத்தக் குச்சிதான். ரூபனக் கேளுங்க.”

நான் உட்காரவில்லை.

“நீங்க சொன்னது சரிதாம்மா. குருவிக் கூடு ஒண்ணு இருந்துச்சு. நெருப்பு ஏறின உடனே பொத்துன்னு விழுந்துச்சு. பழைய கூடு, முட்ட குஞ்சு எதுவும் இல்ல, பயப்படாதீங்க. நல்லா எரிஞ்சுது.”

பிறகு உட்கார்ந்தேன். நெருப்புக்கு நேரே நாற்காலி போட்டிருந்தான். அந்தச் சரிந்த துணியை எடுத்து என் முழங்காலில் போர்த்தினான். கண்ணில் புகை பட்டது. புகை வரும் என்று நான் முன்னமே சொன்னேன், யார் கேட்டார்கள்? எல்லாருக்கும் பட்டிருக்கும், எனக்குக் கொஞ்சம் அதிகம்.

“இப்பத்தான் வீடு வீடா இருக்கு,” என்று செல்வின் சொன்னான். ஐந்து வருடத்தில் அவன் முகம் இப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. அதைக் கலைப்பானேன்? சொல்ல என்ன இருக்கிறது? எரிக்கச் சொன்னது எரிந்தது. எரித்தேன் என்று சொன்னதும் இன்றுதான் உண்மையானது.

மதியம் பிரியாணி. உப்பு குறைவு.

டிசம்பர் 26, வெள்ளி

காலையில் ஷரோன் சாம்பல் அள்ளினாள். நான் அள்ளுகிறேன் என்று எழுந்தேன், அவள் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, பரிசு கட்டுகிற மெல்லிய தாளில் ஏதோ சுருட்டி என் மடியில் வைத்தாள். பிரித்தேன். வெடித்த கண்ணாடித் துண்டு இரண்டு, படத்தை மாட்டுகிற பித்தளை வளையம் ஒன்று.

“இது குருவிக் கூடு இல்லையே, பாட்டி?”

குருவி எதையெல்லாமோ பொறுக்கிக்கொண்டு வரும் என்றேன்.

அவள் தரையில் என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். ரூபனும் அவளும் பெர்சிஸோடு இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். திருப்பூருக்குப் போயும் வந்திருக்கிறார்களாம். இத்தனை நாள் என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு என்னிடமே மறைத்திருக்கிறார்கள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். மறைப்பதைப் பற்றி நான் பேசினால் நன்றாக இருக்காது என்று மூடிக்கொண்டேன்.

“அவ அனுப்பின அட்டையெல்லாம் இதுலதான் இருந்துச்சா?”

தலையை அசைத்தேன்.

“போன வருஷ அட்டைக்குள்ள பாப்பா போட்டோ வச்சிருந்தா. பொறந்து மூணு மாசத்துல எடுத்தது. ஆச்சி பாத்தாங்களா, ஆச்சி என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட ஒவ்வொரு மாசமும் கேப்பா.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அறைச் சுவரில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்த்தேன்.

“அவகிட்ட என்ன சொன்ன?”

“என்ன பாட்டி சொல்றது? எனக்குத் தெரியலன்னுதான் சொன்னேன். இந்த வருஷம் அனுப்பலன்னுட்டா. நாலு வருஷமா பதில் இல்ல, இனி தொந்தரவு குடுக்க வேணாம்னு.”

போனை எடுத்து, குழந்தை படம் இதில் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றாள். கண்ணாடி இல்லை என்றேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. போனில் பார்க்கிறதெல்லாம் ஒரு பார்வையா? டிவியில் நெருப்புக் காய்கிற மாதிரிதான் அது.

பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன். ஆதிரையாம். எங்கள் வம்சத்தில் கேள்விப்படாத பெயர்.

டிசம்பர் 27, சனி

ரூபனும் ஷரோனும் ஊட்டிக்குப் போய் வந்தார்கள். கணப்பில் இன்றும் தீ மூட்டினான் செல்வின். அவனுக்கு அது ஒரு பழக்கமாகிவிடும் போல. உட்கார்ந்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

சபை முடிந்ததும் பாஸ்டரம்மா, எல்லாப் பேரப்பிள்ளைகளும் சுகமா என்று கேட்டார்கள். எப்போதும் ரூபனில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்வேன். இன்று வாயில் வரவில்லை. சுகம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

டிசம்பர் 29, திங்கள்

காலையில் எழுதி முடித்தேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டு நாலாவதில் எழுதினேன். ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்கு முதல் பரிசு வாங்கியவள் நான். இங்கே எம்.ஏ. படித்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாது. உறை மேல் விலாசத்தை மட்டும் ஷரோன் எழுதித் தந்தாள்.

அவளிடமே கொடுத்து அனுப்பியிருக்கலாம். ரூபன் காரில் போய்ப் போட்டுவிடுகிறேன் என்றான். நான் கொடுக்கவில்லை. செல்வின் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். பெயர் மேலே தெரிகிற மாதிரி அவன் முன்னால் வைத்தேன்.

“தபால்ல போட்டுட்டு வாலே.”

எடுத்தான். படித்தான். இரண்டு வரி விலாசத்தைப் படிக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? கணப்புக்கு மேலே நாலாவது ஆணியைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. ஷரோன் அடுக்களையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள், தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நானும் நகரவில்லை. கிழித்தால் இன்னொன்று எழுதுவேன், தாள் நிறைய இருக்கிறது.

அவன் எழுந்து மப்ளரைக் கழுத்தில் சுற்றினான். செருப்பைப் போட்டான். வாசற்படியில் நின்று, திரும்பாமலே கேட்டான்:

“ஸ்பீட் போஸ்ட்ல போடட்டுமா?”

“போடு,” என்றேன்.

போஸ்ட் ஆபீஸுக்குப் போய் வர அரை மணி நேரம். அவன் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தான். கண் சிவந்திருந்தது. வெளியே பனி அதிகம் என்றான். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

எழுதியதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்வது என் வழக்கம். இதுதான் அது:

*பெர்சிஸுக்கு,*

*இங்கே எல்லாரும் சுகம். ரூபனுக்குக் கீழே நாற்பத்திரண்டு பேர். ஹெப்சி டாக்டர், ஜோயல் நல்ல மார்க். இதெல்லாம் உனக்கு ரூபனே சொல்லியிருப்பான், எனக்குத் தெரியாமல் என்னவெல்லாம் நடந்திருக்கிறது.*

*நீ செய்தது சரி என்று எழுத இதை எழுதவில்லை. சொல்லாமல் போனது தப்பு, இன்றைக்கும் தப்புதான்.*

*நீ அனுப்பிய நாலு உறையும் வந்து சேர்ந்தது. நான் பிரிக்கவில்லை. உன் பள்ளிக்கூடத்துப் படத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தேன். கிறிஸ்மஸ் அன்று தீப்பிடித்துப் போய்விட்டது. யார் மேலும் குற்றமில்லை, என் வாய் மேல்தான். உன் அப்பா அதைக் குருவிக் கூடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நீயும் அப்படியே நினைத்துக்கொள். அதில் குழந்தை படம் இருந்தது என்று மூன்று நாள் முன்னால்தான் தெரிந்தது. நான் பார்த்தேனா என்று கேட்டாயாம். பார்க்கவில்லை. அதுதான் பதில்.*

*இந்த வருடம் அச்சு முறுக்கு சரியாக வரவில்லை. அச்சு பிடிக்கத் தெரிந்த ஆள் இல்லை.*

*குழந்தைக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. வீட்டில் கணப்பு மூட்டுகிறோம், ஹால் சூடாகத்தான் இருக்கிறது. உனக்கு ஒரு காலுறை தொங்குகிறது, ஷரோன் கணக்குத் தப்பி வைத்தது. அதை இன்னும் கழற்றவில்லை.*

*கணப்புக்கு மேலே ஆணி சும்மா இருக்கிறது. புதுசாக ஒரு படம் எடுத்து அனுப்பு. போனில் வேண்டாம், போனில் வருவது விரலால் தள்ளினால் போய்விடும். தபாலில் அனுப்பு. மடங்காமல் அட்டை வைத்து அனுப்பு. குழந்தைக்குக் குல்லா போட்டு முகத்தை மறைக்காதே. நீ தலையை வாரிக்கொண்டு நில். அவனும் நிற்கட்டும், ஓரமாக.*

*இந்தத் தடவை வந்த அன்றே பிரிப்பேன்.*

*ஆச்சி*